ஸ்டார்ட்டை எண்ணி வண்டி வாங்குங்கள்

வீட்டிலிருந்து வேலைக்கு ஐந்து கிலோமீட்டர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வால்பாறையோ ஊட்டியோ. இந்த இரண்டுக்கும் சேர்த்து எந்த பைக் எடுக்கலாம்? கோயம்புத்தூரில் பட்டறை வைத்திருப்பவர்களிடம் வந்துகொண்டே இருக்கும் கேள்வி இது. கேட்பவர்களில் பலர் மனதுக்குள் மலையை வைத்துத்தான் வண்டியைத் தேர்ந்திருப்பார்கள். அவர்கள் போடும் கணக்கும் நியாயமாகத்தான் தெரியும். மாதம் 22 நாள் வேலை, தினமும் போக வர 10 கிலோமீட்டர் என்றால் 220 கிலோமீட்டர். வால்பாறைக்குப் போய்த் திரும்பினால் 200-க்கு மேல் ஆகிவிடும். ஆக, வண்டியின் ஓட்டத்தில் பாதி மலைக்கும் நெடுஞ்சாலைக்கும் போகிறது, அதற்கேற்ற வண்டிதானே வேண்டும் என்பது அவர்கள் வாதம். கிலோமீட்டர் மீட்டரைப் பார்த்தால் அது சரி. ஆனால் இன்ஜினைப் பிரித்துப் பார்க்கிறவர்களுக்கு வேறொரு கணக்குத் தெரியும். அதே மாதத்தில் வேலை நாட்களில் ஆறிப்போன இன்ஜினை 44 முறை ஸ்டார்ட் செய்திருப்பீர்கள். ஞாயிறு பயணத்தில், சாப்பிடவும் தேநீர் குடிக்கவும் நிறுத்தியதையெல்லாம் சேர்த்தாலும், ஐந்தாறு முறைதான், அதிலும் பாதி சூடு ஆறாத இன்ஜின். வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த 44 ஸ்டார்ட்தான். ஆகவே வண்டியை வேலை நாளுக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை தன்னால் அதற்குள் அடங்கிவிடும் என்பது என் உறுதியான கருத்து.

குறுகிய ஓட்டம் இன்ஜினுக்குச் சுலபமான வேலை என்று நினைப்பதுதான் முதல் பிழை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. இன்ஜின் சூடாக இருந்தால் அது ஆவியாக சைலன்சர் வழியே போய்விடும். ஆறிய இன்ஜினில் அதில் ஒரு சிறு பங்கு பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி ஆயிலோடு சேர்கிறது. இன்னொரு பங்கு சைலன்சரின் உள்ளே தங்கி அதை உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கிறது. ஸ்டார்ட் செய்த முதல் நிமிடங்களில் இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் தேவைப்படும். எரியாமல் மிஞ்சுவது சிலிண்டர் சுவரிலுள்ள ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு அதே ஆயிலில் போய்க் கலக்கும். சிலிண்டர் ஹெட் சீக்கிரம் சூடாகிவிடும், ஆனால் அடியில் இருக்கும் ஆயில் அவ்வளவு சீக்கிரம் சூடேறாது. ஐந்து கிலோமீட்டரில் அது தன் வேலைச் சூட்டைத் தொடுவதற்குள் ஆபீஸ் வாசல் வந்துவிடும். மழை மாதங்களில் இப்படி மட்டுமே ஓடிய வண்டியின் ஆயில் மூடியைத் திறந்தால், உள்பக்கம் பால் கலந்த காபி நிறத்தில் பிசுபிசுப்பு ஒட்டியிருக்கும். அது ஆயிலும் தண்ணீரும் கலந்த கலவை.

நம் ஊரில் குளிர் ஏது, இதெல்லாம் பனி பெய்யும் நாட்டுப் பிரச்சினை இல்லையா என்று கேட்கலாம். கேள்வியில் உண்மை இருக்கிறது. இங்கே இன்ஜின் சீக்கிரம் சூடாகிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் கார்புரேட்டர் போய் எஃப்ஐ (பெட்ரோலை அளந்து பீய்ச்சும் முறை) வந்ததால், சோக் இழுத்து அளவுக்கு மீறிப் பெட்ரோல் விடுவதும் நின்றுவிட்டது. ஆகவே கேடு குறைந்திருக்கிறது, ஆனால் ஒழியவில்லை. தேய்மானமும் இன்ஜினோடு நிற்பதில்லை. ஐந்து கிலோமீட்டரில் பத்து சிக்னல், வேகத்தடை, ஊர்ந்து செல்லும் பேருந்து என்றால், கிளட்ச் பிடித்து விடுவது ஒரே ஓட்டத்தில் நூறு தடவையைத் தாண்டும். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டினாலும் அத்தனை வராது. செல்ஃப் மோட்டார் ஒவ்வொரு முறையும் பேட்டரியிலிருந்து எடுப்பதை, பத்து நிமிட ஓட்டம், அதுவும் குறைந்த ஆர்பிஎம்மில் ஹெட்லைட் எரிய, எப்போதும் முழுதாகத் திருப்பித் தருவதில்லை. பிரேக் ஷூ, செயின் இரண்டுமே நின்று நின்று கிளம்புவதால்தான் அதிகம் தேய்கின்றன. ஒரே கிலோமீட்டர் ஓடிய இரண்டு வண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் பிரித்து வைத்தால், எது டவுனுக்குள் ஓடியது, எது ரோட்டில் ஓடியது என்பதை மீட்டரைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

இதையெல்லாம் ஏற்றுக்கொண்டால் வண்டியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மாறிவிடும். எத்தனை சிசி, எத்தனை பிஎஸ் (குதிரைத்திறன்) என்பதற்கு முன்னால் எடை வர வேண்டும். ஸ்ப்ளெண்டர் 112 கிலோ. ரைடர் 125 ஏறக்குறைய 123. யமஹா எஃப்இசட் 135-ஐ ஒட்டி. ஹண்டர் 350 என்றால் 181. கிளாசிக் 350 என்றால் 195. ஓடும்போது இந்த வித்தியாசம் மறைந்துவிடும். ஆபீஸ் ஸ்டாண்டில் மூன்று வண்டிகளுக்கு நடுவிலிருந்து பின்னால் இழுக்கும்போதும், கேட்டுக்குள் சாய்வில் ஏற்றும்போதும், மழைத் தண்ணீருக்குள் காலூன்றி நிற்கும்போதும்தான் அது தெரியும். இருக்கையின் உயரமும் அப்படித்தான். இரண்டு பாதங்களும் முழுதாகத் தரையில் படுகிறவருக்கும், விரல் நுனியில் நிற்கிறவருக்கும் சிக்னல் என்பது வெவ்வேறு அனுபவம். அடுத்தது, இழுவை எந்த ஆர்பிஎம்மில் கிடைக்கிறது என்பது. எஃப்இசட் 13 நியூட்டன் மீட்டர் டார்க்கை 5,500 ஆர்பிஎம்மில் தருகிறது. அப்பாச்சி 160 நான்கு வால்வு வண்டி அதைவிடக் கூடுதலாக, 14.7 தருகிறது, ஆனால் 7,250-இல். காகிதத்தில் அப்பாச்சி வலிமையானது, திறந்த ரோட்டில் உண்மையிலும் வலிமையானதே. ஆனால் இரண்டாவது கியருக்கும் மூன்றாவது கியருக்கும் நடுவே நாள் முழுக்க ஓடும் டவுன் ஓட்டத்தில் யாரும் 7,000 ஆர்பிஎம்மைத் தொடுவதில்லை. கிளாசிக் 350 தன் 27 நியூட்டன் மீட்டரையும் 4,000-லேயே கொடுத்துவிடும். அந்த வகையில் அது டவுனுக்குப் பொருத்தமான இன்ஜின்தான், அதன் எடைதான் டவுனுக்குப் பொருந்தவில்லை. 45 பிஎஸ் அளவிலான டியூக் 390 போன்ற வண்டிகளை ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றின் சக்தி மேல் ஆர்பிஎம்மில் இருக்கிறது. சிக்னலில் நின்றால் ரேடியேட்டர் ஃபேன் சூட்டைக் காலில் வீசும்.

சரி, இப்படி வேலை நாளுக்கென்று 150 சிசி வண்டி எடுத்தால் அது மலை ஏறுமா? மறுப்புகளில் பலமானது இதுதான். இதற்கு அபிப்பிராயத்தால் பதில் சொல்லக்கூடாது, கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 220 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் ஏற்றத்தில் மணிக்கு 40 கிலோமீட்டரில் ஏற, புவியீர்ப்பையும் காற்றையும் டயர் உராய்வையும் சேர்த்தாலும் சக்கரத்தில் நான்கு பிஎஸ் இருந்தால் போதும். பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் ஐந்து என்று வையுங்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலையில் 70. இந்தப் பாதைகளில் 40-க்கு மேல் போவதற்கு இடமும் இல்லை, போகவும் கூடாது. உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்து சக்தி குறையும் என்பதும் உண்மை. ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். இன்ஜினின் சக்தியும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குறையும். 12 பிஎஸ் வண்டிக்கு அங்கே ஒன்பதாவது மிஞ்சும். தேவை ஐந்து. மலையில் திணறுகிற சின்ன வண்டிகளில் பெரும்பாலானவை சக்தி போதாமல் திணறுவதில்லை. மூன்றாவது கியரில் ஏற வேண்டிய இடத்தில் நான்காவதைப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை முறுக்குவதால்தான் திணறுகின்றன. வளைவில் திருப்பும்போதோ, எதிரே பேருந்து வந்து ஏற்றத்தில் நின்று கிளம்பும்போதோ, 60 கிலோ எடை குறைவு என்பது சக்தியைவிடப் பெரிய உதவி.

நெடுஞ்சாலைதான் உண்மையான சிக்கல், அங்கே என் வாதம் கொஞ்சம் இறங்கி வர வேண்டும். 80-இல் சமதளத்தில் ஓட ஏழெட்டு பிஎஸ் வேண்டும். காற்றை வெல்லத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுவதால், 100-இல் ஓட அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேண்டும். எட்டு பிஎஸ் உள்ள 100 சிசி வண்டிக்கு 80 என்பதே கடைசி மூச்சு. அதில் லாரியைத் தாண்ட முயல்வது ஆபத்து. ஆகவே மாதாமாதம் வெளியூர் போகிறவர்களுக்கு 100 சிசி வேண்டாம் என்றே சொல்வேன். 125-இல் 11 பிஎஸ் என்பது தனியாகப் போகிறவருக்குச் சமாளிக்கக்கூடியது. 150, 160-க்கு வந்தால் 80-இல் ஓடும்போதே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சக்தி கையிருப்பில் இருக்கும். அதற்கு மேல் எதற்கு? நான்கு வழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கான உச்ச வேகமாக 2018-இல் மத்திய அரசு அறிவித்தது 80-தான். 110-இல் போக வேண்டும் என்பவருக்குப் பெரிய இன்ஜின் வேண்டும் என்பதை மறுக்கவில்லை, அந்த வேகம் வேண்டுமா என்பதைத்தான் மறுக்கிறேன். கையில் மிஞ்சும் பணத்தை பிரேக்கில் போடச் சொல்வேன். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளிலும் ஏபிஎஸ் கட்டாயம், ஆனால் முன்சக்கரத்துக்கு மட்டும் இருந்தாலும் விதி நிறைவேறிவிடும். இரண்டு சக்கரத்துக்கும் உள்ளதை எடுங்கள். மலையிலிருந்து இறங்கும்போது பிரேக்கை இடைவிடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறிப் பிடிமானம் தளரும். ஏறிய கியரிலேயே இறங்குவதுதான் அதற்கு வழி, முன்னால் டிஸ்க் இருப்பது அதற்குத் துணை. டயர் ட்யூப்லெஸ்ஸாக இருக்கட்டும். ஆணி குத்தினால் காற்று மெதுவாகத்தான் இறங்கும், பஞ்சர் கடை இல்லாத காட்டுப்பாதையில் அந்த அவகாசம் பெரியது. கம்பிச் சக்கர வண்டிகளில் பெரும்பாலும் ட்யூப்தான் வருகிறது என்பதை வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு மறுப்பு, வேலைக்கு ஒரு ஸ்கூட்டர், ஞாயிறுக்கு ஒரு பெரிய பைக் என்று இரண்டாகப் பிரித்துவிடலாமே என்பது. வசதி இருப்பவர்கள் செய்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை, காரணம் செலவு மட்டுமல்ல. குறுகிய ஓட்டத்தில் ஆயிலுக்குள் சேர்ந்த தண்ணீரையும் பெட்ரோலையும் வெளியேற்ற நல்ல வழி, ஒரு மணி நேரமாவது இன்ஜினை முழுச் சூட்டில் ஓட்டுவது. பேட்டரி முழுதாக ஏறுவதும், சைலன்சர் உலர்வதும் அப்போதுதான். வேலை நாள் செய்த கேட்டை ஞாயிறு பயணம் திருத்துகிறது. இரண்டு வண்டியாகப் பிரித்தால், திருத்தம் தேவைப்படும் வண்டி அதைப் பெறாது; ஞாயிறு வண்டியோ வாரக்கணக்கில் நின்று பேட்டரி இறங்கிப்போகும், மழைக்காலத்தில் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒரே வண்டி இரண்டையும் செய்யும்போதுதான் இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகின்றன. மின்சார வண்டிக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. ஆறிய இன்ஜின் என்ற சிக்கலே அதற்கு இல்லை, கிளட்சும் இல்லை. ஸ்டார்ட்டை எண்ணச் சொல்லும் என் வாதம் கடைசிவரை போனால் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தும். தினசரி ஓட்டம் மட்டுமே உள்ளவர்கள் அதையே எடுக்கலாம். மலை ஏற்றத்தில் சார்ஜ் வேகமாக இறங்குவதால், ஞாயிறு பயணத்தின் தூரத்தையும் வழியிலுள்ள சார்ஜிங் இடங்களையும் முன்கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

கடைசியில் மனசு என்று ஒன்று இருக்கிறது. 1950-களில் திருவொற்றியூரில் தயாராகத் தொடங்கிய புல்லட்டின் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த ஒருவரிடம், 150 சிசி போதும் என்ற கணக்கைக் காட்டி ஆசையை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆசையோடு வாங்கிய வண்டியைத்தான் மனிதர்கள் நன்றாகப் பராமரிக்கிறார்கள் என்பதும் பட்டறையில் தெரிகிற உண்மை. வேலைக்கான தூரம் பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டராக இருந்து வழியில் சிக்னல் குறைவாக இருந்தால், அல்லது ஞாயிறு பயணம் எப்போதும் இருவராக, மூட்டை முடிச்சோடு என்றால், 350 சிசி நியாயமான தேர்வு. இரண்டும் இல்லாமல் ஐந்து கிலோமீட்டருக்கே அதை எடுப்பவர்கள் மூன்று விஷயங்களை ஏற்றுக்கொள்ள வேண்டும். சர்வீஸ் புத்தகத்தில் கிலோமீட்டருக்குப் பக்கத்தில் மாதக் கணக்கும் போட்டிருப்பார்கள். குறுகிய ஓட்டக்காரருக்கு மாதக் கணக்குத்தான் முதலில் வரும், மீட்டர் எவ்வளவு குறைவாகக் காட்டினாலும் அந்த மாதத்தில் ஆயில் மாற்றியாக வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது பொள்ளாச்சி வரையேனும் போய் வர வேண்டும். டெஸ்ட் ரைடுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போகாமல், வார நாளில், ஆபீஸ் விடும் ஆறு மணிக்குப் போய், ஷோரூம் ஆள் வண்டியைச் சூடாக்கி வைப்பதற்கு முன் தாமே ஸ்டார்ட் செய்து, நெரிசலில் ஓட்டிவிட்டு வந்து, பார்க்கிங் சாய்வில் தாமே பின்னால் தள்ளி ஏற்றிப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் அந்த வண்டிதான் வேண்டும் என்று தோன்றினால், எடுத்துக்கொள்ளலாம்.