எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் நடுவே ஓர் எல்லை

அன்புள்ள செல்லத்துரை,

பம்பாய்த் தாராவிக்கு வந்து சேர்ந்தாயிற்று. குர்லாவில் இறங்கி லோக்கலில் ஒரு ஸ்டேஷன் வந்தால் சயான், அங்கிருந்து நடை. 90 அடி ரோட்டில் கால் வைத்ததுமே நம்ம திருநெல்வேலிப் பேச்சு காதில் விழுகிறது. அப்படிப் பேசுகிறவர்களை இங்கே கொண்டுவந்து சேர்த்த தண்டவாளத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சென்னையிலிருந்து பம்பாய்க்குச் சுமார் 1,280 கிலோமீட்டர். அரக்கோணம், ரேணிகுண்டா, கடப்பா, குந்தக்கல், ராய்ச்சூர், வாடி, சோலாப்பூர், புணே, கல்யாண் என்று போகிறது. பார்க்க ஒரே பாதை. போட்டது இரண்டு கம்பெனிகள். 1853 ஏப்ரல் 16 அன்று போரி பந்தரிலிருந்து தாணேவுக்கு வண்டி விட்ட ஜி.ஐ.பி. ரயில்வே வடக்கிலிருந்து இறங்கி வந்தது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு வண்டி விட்ட மெட்ராஸ் ரயில்வே தெற்கிலிருந்து ஏறிப் போனது. 1871இல் ராய்ச்சூரில் இரண்டும் சேர்ந்தன.

அந்த ராய்ச்சூர் அப்போது நைஜாம் சீமை. துங்கபத்திரைப் பாலம் தாண்டினால் மெட்ராஸ் மாகாணம் முடிந்துவிடும். அப்புறம் ஹாலி சிக்கா என்று தனி நாணயம் ஓடிய ராஜ்ஜியம். குல்பர்கா தாண்டி, சோலாப்பூர் பக்கம் வந்தால் மறுபடியும் வெள்ளைக்காரன் மண், பம்பாய் மாகாணம். நைஜாம் 1874இல் வாடியிலிருந்து செகந்திராபாத்துக்குத் தன் பங்குக்கு ஒரு கிளைப் பாதை போட்டுக்கொண்டார். பிறகு 1953இல் இதே பாதையில் இருக்கும் ஆதோனி ஆந்திராவுக்குப் போயிற்று. 1956இல் ராய்ச்சூரும் குல்பர்காவும் மைசூரோடு சேர்ந்தன. இத்தனை சர்க்கார் மாறியும், வண்டியில் உட்கார்ந்திருந்தவன் அதற்காக மூட்டையை இறக்கவில்லை.

நம்ம ஊர்க்காரன் மூட்டையை இறக்கியது வேறு இடத்தில். திருநெல்வேலிக்கு 1876லேயே ரயில் வந்துவிட்டது. ஆனால் அது மீட்டர் கேஜ். பம்பாய்ப் பாதையோ 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதை. ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்து எழும்பூரில் இறங்கி, சென்ட்ரலுக்குப் போய் வேறு வண்டி பிடிக்க வேண்டும். தாராவி லேபர் கேம்பில் ஒரு பெரியவர் சொன்னார்: "பொட்டிய தலையில வச்சிக்கிட்டு நடந்தேம்ல. ஜட்காவுக்குக் குடுக்கத் துட்டு ஏது? சென்ட்ரல் கட்டடத்தப் பாத்தப்புறந்தான் ஊர விட்டு வந்துட்டோம்னு தோணிச்சு." நைஜாம் எல்லை எங்கே வந்தது, எங்கே போனது என்று அவருக்குத் தெரியாது. அவர் அறிந்த எல்லை இந்த இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில்தான் இருந்தது. இன்றைக்கு நாகர்கோவிலில் ஏறினால் நேரே பம்பாயில் இறங்கலாம் என்பதை அவருடைய பேரப்பிள்ளைகள் ஒரு பெரிய காரியமாகவே நினைப்பதில்லை.

இந்தப் பாதையில் உயிர்களை வாங்கிய இடம் லோனாவளாவுக்குக் கீழே இருக்கும் போர் காட் கணவாய். 1856இல் தொடங்கிய வேலை 1863இல் முடிந்தது. 37 அடி போனால் ஓர் அடி ஏற்றம், 25 குகைப் பாதைகள். 1861இல் மட்டும் 42,000 பேர் வரை வேலை பார்த்திருக்கிறார்கள். காலராவிலும் பாறை வெடிப்பிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். குத்தகை எடுத்த சாலமன் டிரெட்வெல் 1859இல் வந்த சில வாரங்களிலேயே காய்ச்சலில் போய்விட, மனைவி ஆலிஸ்தான் குத்தகையைக் கையில் எடுத்து முடித்துக் கொடுத்தார். இறக்கத்தில் எங்கள் வண்டி மங்கி ஹில்லில் பிரேக் சரிபார்க்க நின்றது. பேருக்கு ஏற்றபடி ஒரு குரங்கு ஜன்னல் கம்பியைப் பிடித்து உள்ளே கையை நீட்டி, எதிர் சீட்டு அம்மாளின் புளியோதரைப் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டது. "போனாப் போவுது, அதுவும் பசிக்குத்தானே வந்திருக்கு" என்றாள் அவள். ஏற்றத்தில் வரும் வண்டிகளுக்கு இன்றும் கர்ஜத்தில் பின்னாலிருந்து தள்ள இன்ஜின்கள் மாட்டுகிறார்கள்; அந்தச் சில நிமிஷத்தில் பிளாட்பாரத்து வடை தீர்ந்துவிடும்.

நீயும் ஒரு தடவை வா. விமானம் வேண்டாம். பகலில் மலை இறங்கும் வண்டியாகப் பார். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. மே மாதம் தாராவியே ஊருக்குக் கிளம்பும். அந்த மாதத்தை மட்டும் விட்டுவிடு, சீட்டுக் கிடைக்காது.

அன்புடன்,
உன் சிநேகிதன்