கக்க வைக்கும் கை

அட்டையைக் கடிக்க வைப்பதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. தோலில் சோப்பு மணமோ தைல வாடையோ இல்லாவிட்டால் பசித்த அட்டை தானே பிடித்துவிடும். அடம்பிடித்தால் ஒரு சொட்டுப் பால் போதும். அதற்கும் மசியாவிட்டால் ஊசி முனையால் ஒரு பொட்டு ரத்தம். குடித்ததை அதனிடமிருந்து திரும்ப வாங்குவதற்குத்தான் கை பழக வேண்டும். குழித்துறைப் பக்கம் ஓர் ஆசானிடம் நான் பழகுவது பெரும்பாலும் அதைத்தான்.

சுஸ்ருத சம்ஹிதையின் சூத்திர ஸ்தானம், 13ஆம் அத்தியாயம் முழுக்க அட்டைதான். மொத்தம் 12 வகை. ஆறு நஞ்சுள்ளவை, ஆறு நஞ்சில்லாதவை. அட்டையின் வாய் குதிரைக் குளம்பு போல விரிந்து கழுத்து வளைந்து உயர்ந்தால், பிடித்துவிட்டது என்று அர்த்தம். டீக்கடையில் காலமெல்லாம் நின்றே வேலை பார்த்த ஒருவரின் கணுக்கால் புண்ணருகே விட்டபோது அப்படியே பார்த்தேன். ஈரத்துணியை மேலே போர்த்தினோம். துணிக்கு வெளியே தெரிந்த உடம்பில் அலை அலையாக ஒரு துடிப்பு ஓடிக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரத்தில் தானாக விழுந்தது. மூன்று தாடைகளின் தடம், மூன்று கீற்றாகத் தோலில் பதிந்திருந்தது.

ரத்தம் நிற்கவில்லை. அவர் மனைவி பதறினார். "ஒண்ணுமில்ல மக்களே, சாயங்காலம் வரைக்கும் கசியும்" என்றார் ஆசான். அட்டையின் எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத பொருள் இருப்பதை 1884இல் ஜான் ஹேக்ராஃப்ட் கண்டார். 1950களில் ஃபிரிட்ஸ் மார்க்வார்ட் அதைப் பிரித்தெடுத்தார். அதுதான் ஹிருடின். ரத்தத்தை உறைய வைக்கும் த்ரோம்பினை அது கட்டிப்போடுகிறது. அதனால்தான் ரத்தச் சோகை உள்ளவருக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கும் ஆசான் அட்டை விடுவதில்லை. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் போல அட்டை கெட்ட ரத்தத்தை முதலில் குடிக்கும் என்கிறார் ஆயுர்வேத நூலாசிரியர் வாக்படர். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஆசானிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். சிரித்துவிட்டு மஞ்சள் பொடி டப்பாவை நகர்த்தினார்.

அந்தப் பொடியை வாயில் தொட்டதும் அட்டை நெளியும். இடது கையால் வாலைப் பிடித்து, வலது கை விரல்களால் வாயை நோக்கி மெல்ல நீவ வேண்டும். "பிழியாண்டாம், தடவு" என்பார். அழுத்தினால் உள்ளே கிழியும். பயந்து தொட்டால் பாதி தங்கிவிடும். கருஞ்சிவப்பாக வழிந்து முடிந்ததும் சுத்தமான தண்ணீரில் விடுவோம். சுறுசுறுப்பாக நீந்தினால் சரி. அடியில் சோர்ந்து கிடந்தால் மறுபடி எடுக்க வேண்டும். உள்ளே தங்கும் ரத்தத்தால் வரும் நோய்க்கு 'இந்திரமதம்' என்று சுஸ்ருதர் பெயரே வைத்திருக்கிறார்.

மேல்நாட்டு ஆஸ்பத்திரிகளில் அட்டை உண்டு, கக்க வைக்கும் இந்த வேலைதான் கிடையாது. 1985இல் பாஸ்டனில் ஒரு சிறுவனின் அறுந்த காதை ஒட்டியபோது, தேங்கிய ரத்தத்தை வடிக்க அட்டை கைகொடுத்தது. 2004இல் அமெரிக்க எஃப்.டி.ஏ. அதை மருத்துவச் சாதனமாக அனுமதித்தது. அங்கே ஒருமுறை குடித்ததும் ஆல்கஹாலில் போட்டுக் கொன்றுவிடுகிறார்கள். அட்டையின் குடலில் வாழும் ஏரோமோனாஸ் பாக்டீரியா புண்ணில் தொற்றலாம் என்பதால் ஆன்டிபயாட்டிக்கும் கொடுக்கிறார்கள். தொற்று விஷயத்தில் அவர்கள் கறார்தான் சரி என்பது என் கட்சி. ஆசான் பாதி வழி வந்திருக்கிறார்: ஒருவருக்கு விட்ட அட்டை இன்னொருவருக்குக் கிடையாது. குப்பிக்குக் குப்பி பெயர் எழுதி ஒட்டுவதும், குளோரின் கலக்காத கிணற்றுத் தண்ணீர் மாற்றுவதும் இப்போது என் பொறுப்பு.