இரண்டாம் இகாமத்

எம் தந்தையார் ஹனஃபி மத்ஹபைச் சார்ந்தவர், தாய்மாமா ஷாஃபிஈ. வெளியூர்ப் பயணங்களில் மாமா ளுஹரையும் அஸரையும் ஜமாஅத்தாகச் சேர்த்துத் தொழுவிப்பார். ளுஹரில் உடன் நின்ற தந்தையார், அஸருக்கு இகாமத் சொல்லப்பட்டதும் வரிசையைவிட்டு விலகிவிடுவார். இருவரும் மத்ஹபு பேணியவர்களே. ஆயினும் அவர் நின்றிருந்த அந்த வெற்றிடம் சிறு பருவத்தில் எம்மை வருத்திற்று.

2011 ஆம் ஆண்டு மூவரும் ஹஜ்ஜுக்குச் சென்றோம். அரஃபாவில் இமாமுடன் அவ்விரு தொழுகைகளையும் ளுஹர் நேரத்திலேயே சேர்த்துத் தொழுவது ஹனஃபிகளுக்கும் உரிய முறை. பாங்கு ஒன்று, இகாமத் இரண்டு. இரண்டாவது ஒலித்ததும் எம் கண்கள், பழக்கத்தால், தந்தையாரின் பாதங்களை நாடின. அவை மாமாவின் பாதங்களருகே அசையாதிருந்தன.

அன்றிரவு முஸ்தலிஃபாவில் மஃரிபையும் இஷாவையும் தொழுதபின், “மச்சான், கல் பொறுக்குவோமா?” என்றார் தந்தையார்.

ஊர் திரும்பிய பின் வந்த பயணத்தில் அவர் பழையபடியே விலகினார். அஸர் நேரம் வந்ததும் மாமாவே வண்டியை நிறுத்தச் சொன்னார்.