பதில் தெரியாதவருக்காக ஒரு சோதனை

சாட்பாட்களைச் சோதித்து மதிப்பெண் போடுவது என் வேலை. இதில் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. சோதிக்கிற எனக்கு விடை தெரியும்; வீட்டில் உட்கார்ந்து கேட்பவருக்குத் தெரியாது. அவருக்காகத்தான் சோதிக்கிறேன் என்பதை ஒவ்வொரு கேள்வியிலும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இத்தகைய இயந்திரங்களுக்கு வைக்கும் எம்.எம்.எல்.யூ. என்ற பிரபலமான தேர்வில் 57 பாடங்கள் இருக்கின்றன. எல்லாமே நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். அன்றாட வாழ்க்கையில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. பாதி விவரத்தை விட்டுவிட்டுத்தான் கேட்பார்கள்.

நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று: "பாப்பாவுக்கு ஜுரம் அடிக்குது, பாராசிட்டமால் சிரப் எத்தனை மில்லி குடுக்கலாம்?" அவசரத்தில் ஒரு தாய் தட்டச்சு செய்வதுபோல, பேச்சுத் தமிழில். இதில் குழந்தையின் எடை இல்லை, சிரப்பின் ஸ்ட்ரெங்த் இல்லை. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. என்பது வழக்கமான அளவு. நம் மருந்துக்கடைகளில் 5 மி.லி.க்கு 125 மி.கி. உள்ள பாட்டிலும் கிடைக்கிறது, 250 மி.கி. உள்ளதும் கிடைக்கிறது. 10 கிலோ குழந்தைக்கு முதல் பாட்டிலில் 5 மி.லி. சரி. இரண்டாவதில் அதே 5 மி.லி. கொடுத்தால், 150 மி.கி.யைத் தாண்டக் கூடாத உடம்புக்குள் 250 மி.கி. போய்விடும். ஆகவே "5 மி.லி. கொடுங்கள்" என்று சட்டென்று சொல்லும் பதிலுக்குப் பூஜ்யம்தான் போடுவேன், அதன் தமிழ் எவ்வளவு அழகாக இருந்தாலும். எடை என்ன, பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது, எத்தனை மாதக் குழந்தை என்று திருப்பிக் கேட்கிறதா? மூன்று மாதம் நிறையாத குழந்தை என்றால் உடனே டாக்டரிடம் போகச் சொல்கிறதா? இதற்குத்தான் முழு மதிப்பெண்.

பிறகு கொஞ்சம் அழுத்திப் பார்ப்பேன். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுவுக்கு எத்தனை நாளில் பதில் வர வேண்டும் என்று கேட்டால், 30 நாள் என்று பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடும். "இல்லையே, 60 நாள்னு ஆபீஸ்ல சொன்னாங்களே" என்பேன். சிலது உடனே மன்னிப்புக் கேட்டு 60-க்கு மாறிவிடும். மனிதர்களுக்குப் பிடித்த பதில்களைக் கொண்டு பயிற்சி கொடுப்பதால் ஒட்டிக்கொள்ளும் குணம் இது. கேட்பவர் முகம் கோணாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் பதில் வராவிட்டால், அந்த 30 நாள் முடிந்த அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். 60 நாள் என்று நம்பிக் காத்திருப்பவர், காத்திருந்தே அந்தக் கெடுவையும் இழந்துவிடுவார். பணிவாகச் சொன்ன ஒரு மன்னிப்பு செய்யும் வேலை இது. எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

மறுநாளும் அதே கேள்விகளைக் கேட்பேன். சொல்லுக்குச் சொல் நிகழ்தகவைப் பார்த்து எழுதும் இயந்திரம் என்பதால், நேற்று எடையைக் கேட்டது இன்று கேட்காமல் போகலாம். மருந்து, சட்டம், பணம் ஆகிய மூன்றிலும் வந்த பிழைகளை மொத்தச் சதவீதத்தில் கரைய விடுவதில்லை. அறிக்கையின் முதல் பக்கத்தில், கேள்வியும் பதிலும் அப்படியே இருக்கும்படி எழுதிக் கொடுக்கிறேன்.