அம்மாவின் குரலும் பூட்டின கதவும்

கனநாளாக எழுத நினைத்து விட்ட கதை இது. போன கிழமை ஒரு நண்பர் போன் எடுத்தார். "வீட்டில ரெண்டு கொம்பியூற்றர் இருக்கு. ஒண்டிலயிருந்து மற்றதுக்கு பைல் போகுதில்லை. நீர்தானே கம்பசில படிச்சனீர்?" அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். ஆருக்காவது உதவும்.

முதலில் ஒன்று. நான் கம்பஸ் முடிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான பீடத்தில் மூன்றாம் வருடம் படிக்கேக்கை, 2006 ஆவணியில் ஏ9 பாதை பூட்டுப்பட்டது. படிப்பும் அதோடு சரி. இப்ப பலெர்மோவில், பொலிதேயாமா தியேட்டருக்குக் கிட்ட ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் நிற்கிறேன். ஆகவே நிபுணர் சொல்லுகிறார் என்று வாசிக்காதையுங்கோ.

2008இல் இங்கே பாவித்த கொம்பியூற்றர் ஒன்று வாங்கினேன். வின்டோஸ் எக்ஸ்பி. ஊருக்குக் கதைக்கத்தான் வாங்கினது. ஸ்கைப்பில் அம்மாவோடு கதைக்கிறதைப் பதிவு செய்து வைக்கிற பழக்கம் வந்தது. 43 பைல்கள். பெரிய கதை ஒன்றும் இல்லை. மழை பெய்யுதோ, சாப்பிட்டியோ, புழுக்கொடியல் அனுப்பவோ... இவ்வளவுதான்.

2015இல் அம்மா போய்விட்டா. அகதிக் கடதாசியோடு ஊருக்குப் போக ஏலாது. கடைசிப் பிள்ளை நான், கொள்ளி வைக்க வேண்டியவன். அண்ணாதான் வைத்தார்.

2023 கார்த்திகையில் அம்மாவின் திவசத்தன்று மகள் கேட்டாள்: "அப்பா, அப்பம்மாவின்ர குரல் எப்பிடி இருக்கும்?" அவளுக்கு அப்ப 14 வயது. அலுமாரிக்கு மேலே கிடந்த பழைய பெட்டியை இறக்கிப் போட்டேன். எழும்பியது. ஆனால் ஹார்ட் டிஸ்க் கறகற என்று சத்தம். யூஎஸ்பி ஓட்டைகள் ஒன்றும் வேலை இல்லை. சிடி எழுதுகிறதும் செத்துப்போச்சு. டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் கொழுவலாம் என்று ஒருவர் சொன்னார். கை வைக்கப் பயமாக இருந்தது. மிச்சம் ஒரே வழி: வீட்டு நெற்வேர்க். பழைய பெட்டியை கேபிளால் றூட்டரில் கொழுவி, மகளின் வின்டோஸ் 10 லப்டொப்பால் அதற்குள் போவது.

ஒரு மணித்தியால வேலை என்று நினைத்தேன். நாலு இரவு போனது. வேலை முடிந்து இரவு ஒரு மணிக்கு வந்து இருப்பேன். சாந்தா ரொசாலியாவின் மலைக்கு ஏறி நேர்த்தி வைக்காத குறைதான்.

முதல் இரவு. லப்டொப்புக்குப் பழைய பெட்டி தெரியவே இல்லை. இரண்டும் ஒரே வீடு, ஒரே றூட்டர். பிறகுதான் பார்த்தேன், மகள் விருந்தாளிகளுக்கான வைபையில் நிற்கிறாள். அந்த வைபை இன்ரநெற் மட்டும் தரும், வீட்டுக்குள் இருக்கிற மற்றப் பெட்டிகளைக் காட்டாது. விருந்தாளி விறாந்தையோடு நிற்கவேணும், குசினிக்குள் வரக்கூடாது என்கிற மாதிரி. மாற்றினேன்.

இரண்டாம் இரவு. பெயரைத் தேடாமல் இலக்கத்தைத் தேடினேன். பழைய பெட்டியின் இலக்கம் 192.168.1.34. லப்டொப்பிலிருந்து 'பிங்' அடித்தால் மறுமொழி இல்லை. எக்ஸ்பியின் பயர்வோல் மறித்துக்கொண்டு நின்றது. அதில் பைல் பகிர்வுக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன். முழுவதையும் நிற்பாட்டத் தேவையில்லை. மறுமொழி வந்தது.

மூன்றாம் இரவு. இப்ப லப்டொப்தான் மாட்டன் என்றது. இந்தப் பகிர்வு எஸ்எம்பி1 என்ற பழைய முறையைக் கேட்கிறது, அது பாதுகாப்பில்லை என்று இத்தாலியனில் எழுதிக் காட்டியது. எனக்குக் கோபம். என்ர வீட்டில் என்ர பெட்டியைத் திறக்க நீ ஆர் கேட்க?

வாசித்துப் பார்த்தபோது கோபம் குறைந்தது. எஸ்எம்பி என்பது வின்டோஸ் பெட்டிகள் தங்களுக்குள் பைல் கொடுத்து வாங்கக் கதைக்கிற பாஷை. 1980களில் ஐபிஎம்மில் பிறந்தது. எக்ஸ்பிக்கு அதன் முதல் வடிவம் மட்டும்தான் தெரியும். 2017 மே 12ஆம் திகதி 'வொன்னாக்றை' என்ற நச்சு நிரல் அந்தப் பழைய வடிவத்தில் இருந்த ஓட்டையால்தான் பெட்டிக்குப் பெட்டி பாய்ந்தது. பிரித்தானியாவின் அரச ஆஸ்பத்திரிகள் பலவற்றில் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. ஓட்டையை அடைக்கிற திருத்தத்தை மைக்ரோசொப்ற் அந்த மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது, பலர் போடவில்லை. அந்த வருடக் கடைசியிலிருந்து வின்டோஸ் 10இல் அந்தக் கதவைப் பூட்டத் தொடங்கினார்கள். ஆக ஒன்றும் பழுதில்லை. காரணத்தோடுதான் பூட்டியிருக்கிறார்கள்.

நான் செய்தது இது. றூட்டருக்கு வெளியிலிருந்து வருகிற ரெலிபோன் வயரைக் கழற்றினேன். வீட்டுக்குள் பெட்டிகள் கதைக்கும், வெளி உலகம் உள்ளே வராது. பிறகு லப்டொப்பில் வின்டோஸ் அம்சங்கள் பட்டியலில் எஸ்எம்பி1இன் வாடிக்கையாளர் பகுதியை மட்டும் போட்டு, நிற்பாட்டித் திரும்ப எழுப்பினேன்.

நாலாம் இரவு. பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. பழைய பெட்டிக்குக் கடவுச்சொல்லே இல்லை. வெறுமையாக விட்டால் ஏற்குதில்லை. கடவுச்சொல் இல்லாத கணக்கை முன்னுக்கு இருந்து திறக்கலாம், நெற்வேர்க்கால் திறக்க விடாது. பழைய பெட்டியில் ஒரு கடவுச்சொல் போட்டேன். அம்மாவின் பெயர். போல்டர் திறந்தது.

இரண்டு மணித்தியாலம் பைல் ஏறியது. டிஸ்க் கறகறத்துக்கொண்டே இருந்தது. நான் கதிரையிலேயே இருந்தேன். 43உம் வந்தன. உடனே எஸ்எம்பி1ஐ எடுத்துவிட்டுத்தான் ரெலிபோன் வயரைத் திரும்பக் கொழுவினேன்.

காலமை மகள் கேட்டாள். அம்மா, "தம்பி, சத்தம் விளங்குதோ? நான் கதைக்கிறது கேக்குதோ?" என்கிறா. மகள் சிரித்தாள். "அப்பா, நீங்களும் போனில இப்பிடித்தான் கேக்கிறனீங்கள்." எனக்கு இது தெரியாது.

அடுத்த மாசி மாதம் அந்தப் பழைய பெட்டி எழும்பவில்லை.

நண்பருக்குச் சொன்னது: உம்முடைய இரண்டும் புதுப் பெட்டி, எஸ்எம்பி1ஐத் தொடவே வேண்டாம். இரண்டும் ஒரே வைபையில் நிற்குதோ பாரும். பைல் இருக்கிற பெட்டியில் நெற்வேர்க் 'பூப்ளிக்கா' என்று இருந்தால் 'ப்றிவாத்தா' ஆக்கும். பகிர்வுக்கு ஒரு அனுமதி, போல்டருக்கு ஒரு அனுமதி, இரண்டு பூட்டையும் திறக்க வேணும். நாலு இலக்கப் பின் நெற்வேர்க்கில் செல்லாது, கணக்கின் உண்மையான கடவுச்சொல் வேணும். வின்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 ஒக்ரோபரில் முடிந்துவிட்டது, அதையும் மனதில் வையும்.

மற்றது என்ர கருத்து. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது 97,000க்கு மேற்பட்ட நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகள் அதோடு முடிந்தன. அந்த ஊரில் பிறந்த நானே அம்மாவின் குரலை 15 வருடம் ஒரே பெட்டியில், ஒரே டிஸ்க்கில் வைத்திருந்திருக்கிறேன். இப்ப ஒன்று இங்கே, ஒன்று அண்ணாவிடம், ஒன்று கனடாவில் மச்சாளிடம்.

உங்கட வீட்டு அலுமாரிக்கு மேலேயும் ஒரு பெட்டி இருக்கும். அது எழும்புகிற காலத்திலேயே எழுப்பிப் பாருங்கோ.