எத்தனை பேர் கூடினால் அது கோயில்?

2023 மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மின்சார பில்லுக்கும் பீட்சா கூப்பன்களுக்கும் நடுவில் நகராட்சியிடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. குடியிருப்புப் பகுதியில் உள்ள எங்கள் வீடு, உரிய அனுமதி இல்லாமல் சமயக் கூட்டம் நடத்தும் இடமாகப் பயன்படுத்தப்படுவதாகப் புகார் வந்திருக்கிறது, 14 நாட்களுக்குள் தொடர்பு கொள்ளவும், தவறினால் அபராதம். கீழே ஒரு விதி எண், ஓர் அதிகாரியின் பெயர், தொலைபேசி எண். யார் புகார் கொடுத்தார்கள் என்று இல்லை.

நாங்கள் இருப்பது சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஒரு சின்ன ஊர். மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டில் திருப்புகழ் பாடுவோம். 2016இல் நான்கு குடும்பங்களாக ஆரம்பித்தது. ஹாலில் ஜமக்காளம், ஒரு முருகன் படம், ஒரு ஹார்மோனியம், முடிந்ததும் புளியோதரையும் சுண்டலும். வந்தவர்கள் நண்பர்களைக் கூட்டி வந்தார்கள். கடிதம் வந்த சமயத்தில் 35 பேர் வந்துகொண்டிருந்தார்கள். தெருவில் பத்துப் பன்னிரண்டு கார்கள் நிற்கும்.

வாட்ஸாப் குழுவில் கடிதத்தின் படத்தைப் போட்டேன். அரை மணி நேரத்தில் நாற்பது பதில்கள். "இது அப்பட்டமான இனவெறி." "லாயர் வைக்கணும்." "சர்ச் நடத்தினா இப்படி அனுப்புவானா?" ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அம்மா மட்டும், "வீட்ல சாமி கும்பிடுறதுக்கு லைசென்ஸாடா கேக்குறான்?" என்று கேட்டுவிட்டு பீன்ஸ் நறுக்கப் போய்விட்டாள்.

நான் மென்பொருள்காரன். ஒரு விதி தப்பாக நடந்துகொள்கிறது என்று தோன்றினால் அதன் மூலத்தைப் படித்துப் பார்க்காமல் தூக்கம் வராது. அன்றிரவு நகராட்சியின் சட்டத் தொகுப்பைத் திறந்தேன். தனிவீடுகள் உள்ள மண்டலத்தில் 'சமய வழிபாட்டுக்கான கூடுகை' நடத்தச் சிறப்பு அனுமதி வேண்டும். விண்ணப்பக் கட்டணம் ஆயிரக்கணக்கான டாலர். 300 அடிக்குள் உள்ள வீட்டுக்காரர்களுக்கெல்லாம் அறிவிப்பு போகும், திட்டக்குழு முன்னால் பொது விசாரணை நடக்கும். கூடுகை என்றால் எத்தனை பேர்? எத்தனை நாளைக்கு ஒரு முறை? அதற்கு வரையறையே இல்லை. அந்த ஓட்டைக்குள் நான்கு குடும்பமும் விழும், நாற்பது குடும்பமும் விழும்.

சர்ச் நடத்தினால் இப்படி அனுப்புவானா என்று குழுவில் கேட்டாரே, அதற்குப் பதிலும் கிடைத்தது. அனுப்புவான், அனுப்பியிருக்கிறான். தெற்குக் கலிஃபோர்னியாவில் சான் வான் காப்பிஸ்ட்ரானோ என்று ஓர் ஊர். 1776இல் ஸ்பானியப் பாதிரியார்கள் நிறுவிய மிஷனைச் சுற்றி வளர்ந்த ஊர். அங்கே 2011இல், வீட்டில் பைபிள் வகுப்பு நடத்திய ஒரு தம்பதிக்கு 300 டாலர் அபராதம் போட்டார்கள். ஐம்பது பேர் வரை வந்தார்களாம். குடியிருப்பு மண்டலத்தில் சமய அமைப்புகளுக்கு அனுமதி வேண்டும் என்பது அந்த ஊர் விதி. வழக்கு, நாளிதழ்ச் செய்தி என்று ஆனதும் நகரம் அபராதத்தைத் திருப்பிக் கொடுத்தது, விதியைத் திருத்தவும் ஒப்புக்கொண்டது.

கனெக்டிகட் மாநிலத்தின் நியூ மில்ஃபோர்டில் நோயுற்ற கணவருக்காக ஒரு பெண்மணி ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரம்பித்த ஜெபக் கூட்டத்தில், குடும்பத்தைச் சேராத 25 பேருக்கு மேல் வழக்கமாகக் கூடக் கூடாது என்றது நகர அமைப்பு. மாவட்ட நீதிமன்றம் அந்தக் குடும்பத்தின் பக்கம் நின்றது. ஆனால் 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், உள்ளூர் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகாமல் நேராக இங்கே வந்தது தவறு என்று அந்தத் தீர்ப்பை நீக்கிவிட்டது. மயாமி பீச்சில் வயதான ஒரு யூத ரப்பி தன் வீட்டு கராஜை ஜெபக்கூடமாக்கியிருந்தார். ஆசாரமான யூதர்கள் சபாத் நாளில் கார் ஓட்டமாட்டார்கள். ஜெபக்கூடம் நடந்து போகிற தூரத்தில் இருந்தாக வேண்டும். 1983இல் நீதிமன்றம் நகரத்தின் பக்கமே தீர்ப்பளித்தது.

2000ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. நில உபயோக விதிகள் மூலம் வழிபாட்டுக்குக் கடும் சுமை ஏற்றினால் அரசு அதற்கு வலுவான காரணம் காட்ட வேண்டும்; சமயக் கூடுகையை மற்றக் கூடுகைகளைவிட மோசமாக நடத்தக் கூடாது. படித்ததும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. மூன்று பக்கத்துக்குப் பதில் கடிதம் தயாரித்தேன், வழக்கு எண்களோடு.

அனுப்பவில்லை. காரணம் அம்மா. மறுநாள் காபி குடித்துக்கொண்டே, எந்த உள்நோக்கமும் இல்லாமல், "அன்னிக்கு நம்ம தெருவுல அந்த டெய்லர் அக்கா வீட்டுக்கும் இப்படித்தான லெட்டர் போச்சு?" என்றாள்.

2006. நான் பொறியியல் மூன்றாம் வருடம், செமஸ்டர் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். எங்கள் தெருக் கோடியில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் வாடகைக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த அக்கா தையல் மெஷின் போட்டுப் பிளவுஸ் தைப்பார். என் தங்கையின் பள்ளிச் சீருடையும் அவர் தைத்ததுதான். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் ஜெபம் நடக்கும். பதினைந்து இருபது பேர், பெரும்பாலும் பெண்கள். ஒரு கீபோர்டு, ஒரு மைக். வாசலில் ஏழெட்டு டூவீலர்கள்.

தெருப் பெரியவர்கள் கூடினார்கள். அப்பாவும்தான். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள், அன்றைக்கு மனு கொடுப்பது என்று முடிவானது. "தம்பி எஞ்சினியரிங் படிக்குது, நல்லா எழுதும்" என்றார் ஒருவர். நான் எழுதினேன். கோடு போட்ட வெள்ளைத்தாளில், மார்ஜின் விட்டு, முத்து முத்தாக.

ஒலிபெருக்கித் தொல்லை, போக்குவரத்துக்கு இடையூறு, மாணவர்களின் படிப்புக்குப் பாதிப்பு, சட்டம் ஒழுங்கு கெடும் அபாயம். எல்லாம் பெரியவர்கள் சொன்னவை. நானாகச் சேர்த்தது ஒன்று உண்டு. 'வீட்டில் ஜெபம் செய்கிறார்கள்' என்று அவர்கள் சொன்னதை, 'குடியிருப்பை அனுமதியின்றி ஜெபக்கூடமாக மாற்றியுள்ளனர்' என்று எழுதினேன். தமிழ்நாட்டுக் கட்டட விதிகளில், பொது வழிபாட்டுக்கான கட்டடம் என்றால் மாவட்ட ஆட்சியரின் முன்அனுமதி வேண்டும், பொது அமைதிக்குப் பங்கம் வரும் என்று தோன்றினால் அவர் மறுக்கலாம். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் எந்தச் சொல் அதிகாரியின் மேசையில் வேலை செய்யும் என்று எப்படியோ தெரிந்திருந்தது. வாடகை வீடு ஒரே வரியில் கூடமாகிவிட்டது.

22 பேர் கையெழுத்துப் போட்டார்கள். என்னைப் போட விடவில்லை. "படிக்கிற பையன், நாளைக்குப் பாஸ்போர்ட் அது இதுன்னு வரும், உனக்கெதுக்கு?" என்றார் அப்பா. எனவே அந்த மனுவில் என் பெயர் கிடையாது.

அடுத்த வாரம் வி.ஏ.ஓ.வும் ஒரு போலீஸ்காரரும் வந்து, இனிமேல் கூட்டம் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எழுத்தில் ஏதாவது கொடுத்தார்களா என்று எனக்குத் தெரியாது. லெட்டர் போனதாக அம்மாவுக்கு ஞாபகம். கல்லூரி திறந்து கிளம்பும்போது பஸ் ஸ்டாப்பில் அந்த அக்கா நின்றிருந்தார். "எந்த இயர் தம்பி?" என்றார். "தேர்ட் இயர்க்கா." "நல்லாப் படி" என்றார். யார் மனு கொடுத்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது, அல்லது தெருவே கொடுத்தது என்று தெரிந்திருக்கும். இரண்டு மாதத்தில் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள்.

இதை நான் மறந்திருந்தேன் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கடிதத்தோடு சேர்த்து நினைக்காமல் இருந்திருக்கிறேன். இரண்டு வாரமாகத் தெருவில் ஒவ்வொரு வீட்டையும் பார்த்து, இவரா, இல்லை அவரா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாயோடு போகிறவர் கை அசைத்தால், நடிக்கிறாரோ என்று தோன்றியது. பெயர் இல்லாத ஒரு புகார் ஒரு தெருவை என்ன செய்யும் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த அக்காவும் வெள்ளிக்கிழமை தைத்துக் கொடுத்த பிளவுஸ்களை வாங்க வந்த ஒவ்வொரு முகத்தையும் இப்படித்தான் பார்த்திருப்பார்.

வீட்டுக்குள் கூடுவதைத் தடுக்கிற விதிகள் புதியவை அல்ல. 1664இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. அரசுத் திருச்சபை முறைக்கு வெளியே வழிபட, வீட்டாரைத் தவிர ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடினால் குற்றம். அதன் நோக்கம் வெளிப்படையானது, மறைக்க அவசியம் இருக்கவில்லை. இன்றைய விதிகள் தலையை எண்ணுகின்றன அல்லது மண்டலத்தின் பெயரைச் சொல்கின்றன. வழிபாட்டைத் தடுக்கிறோம் என்று யாரும் சொல்வதில்லை. பிரச்சினை எப்போதும் பார்க்கிங்தான்.

சில நேரம் பிரச்சினை உண்மையிலேயே பார்க்கிங்தான் என்பதுதான் சிக்கல். எப்படிப் பிரித்தறிவது?

இதில் எனக்கு உதவியது 2021 ஏப்ரலில் வந்த ஒரு தீர்ப்பு. கோவிட் காலத்தில் கலிஃபோர்னியா, வீடுகளில் மூன்று குடும்பங்களுக்கு மேல் கூடக் கூடாது என்றது. எங்கள் பகுதியான சாண்டா கிளாரா கவுண்டியில் வீட்டில் பைபிள் வகுப்பு நடத்தியவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். டாண்டன் எதிர் நியூசம் என்ற அந்த வழக்கில் நீதிபதிகள் 5-4 என்று பிரிந்தார்கள். பெரும்பான்மை சொன்னது: முடிதிருத்தும் கடையிலும் மற்றக் கடைகளிலும் அதைவிட அதிகம் பேர் கூடலாம் என்றால் ஜெபத்தை மட்டும் தடுக்க முடியாது. எதிர்த்து எழுதிய நீதிபதி எலினா கேகன் சொன்னதன் சாரம்: வீட்டு ஜெபத்தைக் கடையோடு ஏன் ஒப்பிடுகிறீர்கள்? வீட்டில் நடக்கும் மற்றக் கூடுகைகளோடு ஒப்பிடுங்கள், அவற்றுக்கும் இதே மூன்று குடும்ப வரம்புதான்.

நோய்த்தொற்று விஷயத்தில் யார் சரி என்பது வேறு விவாதம். ஆனால் தெருச் சண்டைக்குக் கேகன் வைத்த அளவுகோல்தான் சரி என்று நினைக்கிறேன். ஜெபத்துக்குப் பக்கத்தில் அதே தெருவில் அதே அளவில் நடக்கிற இன்னொரு கூட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் தெருவில் சூப்பர் பௌல் அன்று ஒரு வீட்டில் முப்பது பேர் கூடிக் கத்துவார்கள். ஆனால் அது வருடத்துக்கு ஒரு நாள், நாங்கள் மாதாமாதம். போதாததற்கு நாங்கள் இந்திய மளிகைக் கடையில் 'அனைவரும் வருக' என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தோம், பிரசாதச் செலவுக்கு ஓர் உண்டியலும் வைத்திருந்தோம். புகாரில் பாதி நியாயம் இருந்தது.

என் மனுவை அதே அளவுகோலில் வைத்தேன். அதே தெருவில் அம்மன் கோயில் உண்டு. ஆடி மாதம் முழுக்க காலை ஐந்து மணிக்குக் கூம்பு ஒலிபெருக்கி. எந்த மாணவனின் படிப்பும் கெட்டதாக மனு போனதில்லை. கல்யாண வீட்டுக்குத் தெருவை அடைத்துப் பந்தல் போடுவார்கள், போக்குவரத்துக்கு இடையூறு என்று யாரும் எழுதியதில்லை. நான் எழுதிய நான்கு காரணங்களில் ஒன்றுகூட நிற்கவில்லை.

மூன்று பக்கக் கடிதத்தை ஒதுக்கிவிட்டு அந்த அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்தேன். எத்தனை பேர், எத்தனை கார், மைக் உண்டா, எத்தனை மணிக்கு முடியும், பொதுமக்களை விளம்பரம் செய்து அழைக்கிறீர்களா என்று கேட்டார். என்ன பாடுவீர்கள் என்று கேட்கவில்லை. இந்தக் கேள்விகளை எந்த வீட்டுக் கூட்டத்தைப் பற்றியும் கேட்கலாம், பிறகு கடிதத்தில் ஏன் 'சமயக் கூட்டம்' என்று எழுதினீர்கள் என்றேன். கொஞ்சம் தயங்கி, புகார்ப் படிவத்தில் உள்ள வகைகளில் அதுதான் பொருந்தியது என்றார். தேர்வுப் பட்டியலில் ஒரு வரி. அப்படிப்பட்ட பட்டியல்களை நானும் வேலையில் நிறைய எழுதியிருக்கிறேன். அந்த வரியை நீக்கச் சொல்லி நகர மன்றத்துக்கு இரண்டு பத்தியில் எழுதினேன். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது, அவ்வளவுதான்.

நோட்டீஸை எடுத்தோம், மைக்கை நிறுத்தினோம். இப்போது நான்கு வீடுகளில் மாறி மாறி நடக்கிறது. தைப்பூசத்துக்கும் கந்த சஷ்டிக்கும் பள்ளி உணவுக்கூடத்தை வாடகைக்கு எடுக்கிறோம். எங்கள் கோப்பு மூடப்பட்டது. எங்களுக்குத் தொலைபேசியில் கேட்க ஓர் ஆள் இருந்தார், படிக்க ஒரு விதி இருந்தது, மேலே போக நீதிமன்றம் இருந்தது. எங்கள் தெருவில் வாசலில் நின்று இரண்டு பேர் சொன்ன வாய்வார்த்தையோடு முடிந்துவிட்டது.

போன வருடம் ஊருக்குப் போனபோது அந்த அக்கா குடும்பம் எங்கே இருக்கிறது என்று விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. "எதுக்குப்பா இப்ப?" என்று கேட்டார்கள். "சும்மாதான்" என்றேன். மனு எழுதியது நான்தான் என்பது அவர்களுக்கும் மறந்துபோயிருந்தது.