தாம்போதியின் இருபுறமும்

2003ஆம் ஆண்டு, ஜனவரி மாதம். போர்நிறுத்தம் நடைமுறையில் இருந்த காலம். செய்தி சேகரிப்பதற்காக மன்னாருக்குச் சென்றுகொண்டிருந்தேன். பெருநிலப்பரப்பையும் தீவையும் இணைக்கும் தாம்போதியின் முகப்பில், சோதனைக்காகப் பேருந்திலிருந்து அனைவரும் இறக்கப்பட்டோம். பொதிகளைச் சுமந்தபடி வரிசையில் நின்றபோதுதான் அவற்றைக் கண்டேன். ஆழமற்ற நீர்ப்பரப்பின் நடுவே இளஞ்சிவப்புக் கோடொன்று மெல்ல அசைந்துகொண்டிருந்தது. பூநாரைகள்!

எனக்குப் பின்னால் நின்ற முதியவர் சொன்னார்: "அடையாள அட்டை இல்லாமல் வந்துபோறது அதுகள் மட்டும்தான், தம்பி."

தொலைநோக்கியைக் கையில் வைத்திருப்பதே சந்தேகத்துக்கு இடமளித்த காலம் அது. வெறுங்கண்ணால் பார்த்ததோடு சரி.

மத்திய ஆசிய வழித்தடத்தில் தெற்கே பறந்துவரும் பறவைகளுக்கு இலங்கையே கடைசித் தரிப்பிடம். அதற்கப்பால் பெருங்கடல்தான். ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களில் வரத் தொடங்கும் விருந்தாளிகள் ஏப்ரல் வரை தங்குகின்றன. தாம்போதியை அண்டிய வங்காலைச் சரணாலயத்தில் ஊசிவால் தாராக்கள் ஆயிரக்கணக்கில் மிதக்கும். சேற்றோரங்களில் பவளக்காலிகள் ஓடித் திரியும். பூநாரை, வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, நீரை வடித்துச் சிற்றுயிர்களை உண்ணும். இவற்றைக் காண அதிகாலையே உகந்தது. வாகனத்தினுள் இருந்தவாறே பார்க்கவேண்டும். இறங்கி நடந்தால் கூட்டம் முழுவதும் எழுந்துவிடும்.

2021இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கடற்காகங்களுக்குச் செய்மதிக் கருவி பொருத்தினர். அவற்றுள் 'மேகா' எனப் பெயரிடப்பட்ட பறவை ரஷ்யாவின் ஆர்க்டிக் பிரதேசம்வரை சென்று மன்னாருக்கே திரும்பிவந்தது. அதன் கணக்கில் மன்னார் வெறும் விடுதியன்று, இன்னொரு வீடு.

வங்காலை 2008இல் சரணாலயமாகவும், 2010இல் ராம்சார் ஈரநிலமாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. 2020 டிசெம்பரில் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளைக் கொண்ட மின்நிலையம் திறக்கப்பட்டது. மேலும் பல காற்றாலைகளை அமைக்க முன்வந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. ஆனாலும் வேறு திட்டங்கள் தொடர்ந்தன. அதே ஆண்டு மன்னார் மக்கள் வீதிக்கு இறங்கினர். காற்றிலிருந்து பெறும் மின்சாரம் தீதென்று நான் வாதிட வரவில்லை. நிலக்கரிப் புகையைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் பறவைகளின் நுழைவாயிலிலேயே அதை நட்டுத்தான் ஆகவேண்டுமா என்பதே என் கேள்வி. மின்கம்பிக்கு வேறு இடம் தேடலாம். ஆர்க்டிக்கிலிருந்து வரும் பறவைக்கு இதற்குத் தெற்கே தேட அதிக நிலமில்லை.

அண்மையில் ஒரு ஜனவரிக் காலையில் மீண்டும் அந்த வழியே சென்றேன். என்னை எவரும் இறக்கவில்லை. நானாகவே வாகனத்தை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, தொலைநோக்கியை எடுத்தேன். பூநாரைகள் வந்திருந்தன. அந்த முதியவரை நினைத்துக்கொண்டேன். அன்று தடைகள் எல்லாம் எங்களுக்கே இருந்தன. அவை தங்கள் பாட்டில் வந்துபோயின. எங்கள் வழி திறந்த பிறகு, அவற்றின் வழியை நாங்கள் அடைத்துவிடலாகாது.